ரோட்டில் ஆள் இல்லை என்று எழுதினோம்

எங்கள் பிரதேச சபையின் வெள்ளை டபுள் கெப் வண்டி தோட்டத்து ரோட்டில் மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது. மழை விட்டுக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. றப்பர் இலைகள் ரோடு முழுக்க ஈரமாக ஒட்டிக் கிடந்தன. ஜன்னலைத் திறந்தால் புளித்த றப்பர் பால் வாடை வந்தது, மூடினால் எங்கள் தவிசாளர் பூசியிருந்த சென்ட் வாடை வந்தது. நான் திறந்தே வைத்திருந்தேன்.

முன் சீட்டில் தவிசாளர். பின் சீட்டில் ஒரு கரையில் நான், மறு கரையில் தோட்டத்து உறுப்பினர் புவனேஸ்வரி, நடுவில் இன்னோர் உறுப்பினர். நடுவில் இருந்தவர் பாவம். என் உடம்பைப் பற்றி இந்தத் தொடரில் ஏற்கெனவே எழுதியிருக்கிறேன், இன்னொரு முறை வேண்டாம்.

வேலை முடிந்து தோட்டத்துச் சனங்கள் தங்கள் லயத்து வீடுகளுக்குத் திரும்புகிற நேரமாகப் பார்த்துத்தான் போயிருந்தோம். ஆனாலும் ரோட்டில் ஈ காக்கை இல்லை. ஒவ்வொரு வளைவிலும் தவிசாளர் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார். நானும் பார்த்தேன். வெறும் ரோடுதான் தெரிந்தது.

"பார்த்தீங்களா முதலாளி?" என்று தவிசாளர் என் பக்கம் திரும்பிச் சிங்களத்தில் கேட்டார். "கம்பனிக்காரர் சொன்னது சரிதான். இந்த ரோட்டுல இப்ப ஒருத்தரும் போறதில்ல."

"சரிதான்" என்றேன்.

புவனேஸ்வரி மட்டும் எங்களைப் போல முன்னால் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே ரோட்டோரத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். ஓர் இடத்தில் கையைக்கூடக் கண்ணாடியில் வைத்தார். முகம் சுண்டிப் போயிருந்தது. தோற்றுவிட்டோம் என்று தெரிந்ததால் வந்த முகம் அது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மதில் என்றால் சீமெந்து

போன வாரம் கடைக்குள் உடும்பு புகுந்த கதையை எழுதியதற்கு நிறையப் பேர் சிரித்ததாகச் சொன்னார்கள். இந்த வாரம் உடும்பு இல்லை, சபைதான். அங்கேயும் சிரிப்புக்குக் குறைவிருக்கவில்லை.

கொடகவெலப் பக்கம் எந்தத் தோட்டம், எந்தச் சபை என்று யாரும் என்னைக் கேட்க வேண்டாம். அந்த மனிதர்களின் முகத்தில் நான் இன்னும் தினமும் முழிக்க வேண்டியிருக்கிறது. மரம் வெட்டி வெறுமையாகக் கிடந்த ஒரு பெரிய றப்பர் காணியில், வெளியூர்க் கம்பனி ஒன்று வீட்டுத்திட்டம் போட்டது. ஓடு போட்ட வீடுகள், உள்ளுக்குள் ரோடு, பிள்ளைகள் விளையாட இடம். நாங்கள் சபையில் அனுமதி கொடுத்தபோது சில நிபந்தனைகள் வைத்தோம். தண்ணீர், குப்பை என்று வழக்கமானவை போக, ஒன்று முக்கியமானது. காணியின் நடுவால் போகிற பழைய தோட்டத்து ரோட்டை என்றைக்கும் எல்லாருக்கும் திறந்து வைத்திருக்க வேண்டும்.

காணிக்கு மேலே லயங்கள் இருக்கின்றன. அங்குள்ள சனங்கள் பஸ்ஸுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் போவது அந்த ஒரு ரோட்டால்தான்.

வீடுகள் பாதி எழும்பியதும் கம்பனி மறுபடி வந்தது. அந்த நிபந்தனையை மாற்றித் தாருங்கள், திட்டத்தைச் சுற்றி மதில் கட்ட வேண்டும், வீடு வாங்குகிறவர்கள் பாதுகாப்புக் கேட்கிறார்கள் என்றது. லயத்து ஆட்களுக்கு ஓடைக் கரையோரமாக வேறு பாதை தருவார்களாம். அந்த ஓடை மழைக்காலத்தில் எப்படிப் போகும் என்று எங்கள் பக்கத்து ஆட்டுக்குட்டிக்குக்கூடத் தெரியும். ஆனால் கம்பனியின் பெரிய வாதம் வேறு. இப்போது அந்த ரோட்டை யாரும் பாவிப்பதில்லை, சும்மா கிடக்கிற ரோட்டுக்கு எதற்கு நிபந்தனை என்றார்கள். அதைக் கண்ணால் பார்த்து அறிக்கை எழுதத்தான் எங்களைக் குழுவாகப் போட்டு அனுப்பினார்கள்.

என் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஹார்ட்வெயார் கடை. இத்தனை பெரிய காணியைச் சுற்றி மதில் என்றால் கல், சீமெந்து, கம்பி, கேட். அந்த மதிலைச் சில நாள் கனவிலேயே கட்டி முடித்திருந்தேன். கம்பனி மெனேஜரும் தங்கமான மனிதர். எப்போது போனாலும் தெம்பிலி இளநீர் வெட்டித் தருவார், வாப்பாவின் சுகத்தைக் கேட்பார். வாப்பா மௌத்தாகிப் பல வருடம். அதைச் சொல்லி அவரைச் சங்கடப்படுத்த மனம் வராமல், "சுகமா இருக்கார்" என்றே சொல்லி வந்தேன்.

லைட் நோனா

புவனேஸ்வரியைச் சபையில் எல்லாரும் "லைட் நோனா", அதாவது லைட் அம்மணி, என்பார்கள். பெண்களுக்கான பட்டியலில் வந்தவர். வந்த முதல் கூட்டத்தில் லயத்துச் சந்திக்குத் தெருவிளக்கு கேட்டார். அடுத்த கூட்டத்திலும் கேட்டார். மயானத்துக்குக் காணி ஒதுக்குவது பற்றிப் பேசும்போதும், "அங்கயும் ஒரு லைட் வேணும்" என்றார். கடைசியில் அவர் தொல்லை தாங்காமலே விளக்கைப் போட்டுக் கொடுத்தார்கள். பேர் மட்டும் ஒட்டிக்கொண்டது. அவரும் அதைப் பட்டம் மாதிரி வைத்துக்கொண்டார்.

சபைக்கு வருமுன் அவர் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை பார்த்தவர். தாய்மார் தேயிலைக் கொழுந்து பறிக்கவும் றப்பர் பால் வெட்டவும் போகும்போது குழந்தைகளை விட்டுப் போகிற இடம் அது. எங்கள் உறுப்பினர்கள் ஒரே நேரத்தில் கத்த ஆரம்பித்தால், புவனேஸ்வரி எழுந்து நின்று இடுப்பில் கை வைத்து ஒரு பார்வை பார்ப்பார். பால் போத்தலுக்கு அழுகிற பிள்ளைகளை அடக்கிய பார்வை. தலை நரைத்த ஆட்கள் வாயை மூடிக்கொண்டு உட்காருவதை நான் பார்த்திருக்கிறேன். நானும் உட்கார்ந்திருக்கிறேன்.

சிங்களம் என்னைவிட நன்றாகப் பேசுவார். நான் கடைச் சிங்களம் பேசுகிறவன், விலை சொல்லத்தான் சரி. அவர் பேசினால் சிங்கள உறுப்பினர்களே தலையாட்டுவார்கள்.

எதிர்க் கட்சிக்காரி. அதனால் என் வாயால் அந்த நாட்களில் அவரைப் புகழ முடியவில்லை. இப்போது நான் சபையிலும் இல்லை, கட்சியிலும் இல்லை. மனம் விட்டுப் புகழலாம்.

"ஆள் இருந்தாங்க"

அடுத்த கூட்டத்தில் அறிக்கை வந்தது. "நாங்கள் சென்ற வேளையில் ரோட்டில் ஆள் நடமாட்டம் இல்லை" என்று ஒரு வரி. கீழே எங்கள் கையெழுத்துகள். புவனேஸ்வரி மட்டும் கையெழுத்துப் போடவில்லை.

தவிசாளர் கேட்டார், எதிர்ப்பு உண்டா என்று.

புவனேஸ்வரி எழுந்தார். அவர் பேசியது சிங்களத்தில்தான். பிறகு கன்டீனில் தேத்தண்ணி குடிக்கும்போது எனக்கு மறுபடியும் தமிழில் சொன்னார். அந்தப் பேச்சிலேயே இங்கே எழுதுகிறேன்.

"அறிக்கையில ஆள் இல்லன்னு போட்டிருக்கீங்க. ஆள் இருந்தாங்க. ரோட்டுல இல்ல. கானுக்குள்ள இருந்தாங்க."

ரோட்டோரத்தில் மழைத்தண்ணி ஓட வெட்டியிருக்கும் வாய்க்காலைத்தான் தோட்டத்தில் கான் என்பார்கள். ஒருவருக்கும் விளங்கவில்லை.

"கானுக்குள்ள என்ன செஞ்சாங்க?" என்றார் ஓர் உறுப்பினர்.

"ஒதுங்கி நின்னாங்க. தோட்டத்துத் தொரை வண்டி வந்தா ரோட்ட விட்டு எறங்கணும். எங்க தாத்தா காலத்துப் பழக்கம். தொரை வண்டியும் வெள்ள, சபை வண்டியும் வெள்ள. சத்தம் கேட்டதும் எறங்கிட்டாங்க. புல்லு மறைச்சிருச்சு, நீங்க நேராப் பாத்துக்கிட்டு வந்தீங்க. நான் பக்கத்துல பாத்தேன். வெறகுக் கட்டோட பொம்பளைங்க நின்னாங்க. ஒரு சின்னப் பய என்னைப் பாத்து 'அத்தை'ன்னு கூப்பிடப் போனான், அவங்க அம்மா வாயைப் பொத்திட்டா. எங்க வீட்டுக்காரரும் அங்கதான் நின்னாரு."

சபை ஓவென்று சிரித்தது. ஓர் உறுப்பினர் மேசையைத் தட்டி, "நோனா வண்டியில இருக்கிறதைப் பார்த்துப் பயந்து ஒளிஞ்சிருப்பார்!" என்றார்.

புவனேஸ்வரியும் சிரித்தார். அதுதான் எனக்கு இன்றைக்கும் வியப்பு. எங்களோடு சேர்ந்து, எங்களைவிடச் சத்தமாகச் சிரித்தார். சிரித்து முடிந்ததும் சொன்னார்.

"எனக்குப் பயந்தா நல்லாத்தான் இருந்திருக்கும். வீட்டுக்குப் போய்க் கேட்டேன். ஏன்யா, உள்ள நான்தானே இருந்தேன், உங்க பொண்டாட்டி வர்ற வண்டிக்கே ஒதுங்குவீங்களான்னு கேட்டேன். அவரு கால்ல அட்டை கடிச்ச ரத்தத்தத் தொடச்சிக்கிட்டே, 'நான் எங்க ஒதுங்குனேன், வண்டிச் சத்தம் கேட்டுச்சு, கால் தானா எறங்கிருச்சு'ன்னாரு."

மேசை தட்டியவர் கையை மேசைக்குக் கீழே எடுத்துக்கொண்டார்.

"இத இங்க சொல்லக் கூடாதுன்னு எங்க தோட்டத்துச் சங்கத் தலைவரு சொன்னாரு. மானம் போயிருமாம். ரோடு போனப்புறம் மானத்த மட்டும் லயத்துல வச்சிக்கிட்டு நான் என்ன பண்ண? ரோடு அடைச்சிட்டீங்கன்னா, புள்ளத்தாச்சிய ஓடைத் தண்ணியில தூக்கிக்கிட்டுப் போகணும். அதான் சொல்லிட்டேன்."

இத்தனை வருடத்தில் சபையில் எத்தனையோ பேச்சுக் கேட்டிருக்கிறேன். மைக்கைக் கடித்துத் துப்புகிற மாதிரிப் பேசியவர்கள் உண்டு. தன் வீட்டு வெட்கத்தை இப்படி நடுச் சபையில் எடுத்து வைத்து, அதைப் பார்த்து முதலில் தானே சிரித்த ஒருவரை அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை. அந்த இடத்தில் நானாக இருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

தவிசாளர் மெதுவாகக் கேட்டார், "இப்ப என்ன செய்யச் சொல்றீங்க?"

"இன்னொரு தரம் போங்க. வண்டிய மெயின் ரோட்டுல விட்டுட்டு நடந்து போங்க."

"நீங்க ஆளைக் கூட்டி வந்து நிறுத்துவீங்களே" என்றார் மேசை தட்டிய உறுப்பினர்.

"நான் வரல. என்னைக்குப் போறீங்கன்னும் எனக்குச் சொல்ல வேணாம். யாராச்சும் உங்களப் பாத்துட்டு ஒதுங்கினா, நீங்களும் நில்லுங்க. அவங்க போற வரைக்கும் நில்லுங்க. அவ்வளவுதான்."

வாக்கெடுப்பைத் தள்ளி வைத்தார்கள்.

வாப்பாவின் லொறி

அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் எனக்கு வாப்பாவின் லொறி ஞாபகமாகவே இருந்தது.

வாப்பாதான் கடையைத் தொடங்கியவர். அப்போது லயங்களுக்குக் கூரைத் தகரம் கொண்டுபோய்ப் போடுவார். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் என்னையும் ஏற்றிக்கொள்வார். லொறியில் தகரம் குலுங்குகிற சத்தம் மலைக்கு மலை கேட்கும். அதைக் கேட்டே சனங்கள் கானுக்குள் இறங்கி நின்றுவிடுவார்கள். துரை இல்லை, தகர லொறிதான் என்று தெரிந்த பிறகும் நிற்பார்கள்.

வாப்பா லொறியை நிறுத்தி, "நீங்க போங்க" என்று கையைக் காட்டுவார். அவர்கள், "இல்லீங்க முதலாளி, நீங்க போங்க" என்பார்கள். இரண்டு பக்கமும் நிற்கும். எனக்குச் சிரிப்பாக வரும். வாப்பா பொறுமை இல்லாத மனிதர், உம்மாவைக் கேட்டால் பக்கம் பக்கமாகச் சொல்வார். ஆனால் அந்த இடத்தில் மட்டும் எஞ்சினை நிறுத்திவிட்டுக் கீழே இறங்கி, எதிர்ப் பக்கத்துக் கானுக்குள் போய் நின்று பீடி பற்ற வைப்பார். அதற்குப் பிறகுதான் அவர்கள் ரோட்டில் ஏறி நடப்பார்கள்.

"ஏன் வாப்பா அங்க போய் நிக்கிறீங்க?" என்று கேட்டிருக்கிறேன்.

"வேற எங்க நின்டாலும் அவங்க போக மாட்டாங்க மகன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நானும் மேற்கொண்டு கேட்கவில்லை. அந்த வயதில் எனக்குத் தகரச் சத்தம்தான் பெரிது.

இவ்வளவும் தெரிந்த நானே டபுள் கெப்பில் நேராகப் பார்த்துக்கொண்டு போய்விட்டேன். மெத்தை சீட்டில் உட்கார்ந்தால் ஞாபகமும் தூங்கிப்போகும் போலிருக்கிறது.

நடந்து போனோம்

அடுத்த கூட்டம் வைத்திருந்த நாளன்று விடியக் காலையிலேயே தவிசாளரிடமிருந்து அழைப்பு வந்தது. யாருக்கும் சொல்லாமல் உடனே புறப்படச் சொன்னார். கூட்டத்துக்கென்று போட்ட வெள்ளைக் காற்சட்டையோடேயே போனேன். தவிசாளர் அழைத்திருந்த கம்பனி மெனேஜரும் பளபளவென்ற சப்பாத்தோடு வந்திருந்தார். மெயின் ரோட்டில் வண்டிகளை விட்டுவிட்டு ஏறத் தொடங்கினோம். தூறிக்கொண்டிருந்தது. முதல் வளைவுக்குள்ளேயே எனக்கு மூச்சு வாங்கியது.

இரண்டாவது வளைவில் ஆட்கள் வந்தார்கள்.

முன்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள், சட்டை நனையாமல் பொலித்தீனைத் தலையில் போட்டுக்கொண்டு. பின்னால் சில பெண்கள். ஒரு கிழவரைக் கைத்தாங்கலாகப் பிடித்து வந்த மருமகள். கேஸ் சிலிண்டரைத் தோளில் வைத்து வந்த ஓர் ஆள். வெள்ளையும் சள்ளையுமாக நாங்கள் நிற்பதைப் பார்த்ததும் அப்படியே தயங்கினார்கள். முன்னால் வந்த பெண் பிள்ளையின் கையைப் பிடித்து ரோட்டோரத்துக்கு இழுத்தாள். நடக்கவே முடியாத அந்தக் கிழவரும் கானுக்குள் இறங்கக் காலைத் தூக்கினார்.

நான் எதையும் யோசிக்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், வாப்பாவைக்கூட அந்த நேரம் நினைக்கவில்லை. கிழவரின் கால் இறங்குமுன் என் கால் இறங்கிவிட்டது. தானாக இறங்கியது. கணுக்கால் வரை சேறு.

தவிசாளர் என்னைப் பார்த்தார். பிறகு கட்டியிருந்த வெள்ளைச் சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவரும் இறங்கினார். மேசை தட்டிய உறுப்பினர் இறங்கினார். கடைசியாக மெனேஜர், தன் சப்பாத்தை ஒரு தரம் குனிந்து பார்த்துவிட்டு இறங்கினார். வந்த குழு முழுதும் கானுக்குள் வரிசையாக நின்றது.

ரோட்டில் நின்றவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒரு பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு எல்லாருக்கும் சிரிப்பு. பிள்ளைகள் முதலில் ஓடினார்கள். பிறகு ஒவ்வொருவராக எங்களைத் தாண்டி நடந்தார்கள், கல்யாண வீட்டுக்குள் நுழைகிற கூச்சத்தோடு. கிழவர் எங்களைப் பார்த்துக் கும்பிடக் கையெடுத்தார். தவிசாளர் எட்டி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, "பரவாயில்ல, நீங்க போங்க" என்றார், தனக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழில்.

கேஸ் சிலிண்டரோடு வந்தவர் என் அருகில் நின்றார். புவனேஸ்வரியின் புருஷன். கடைக்கு வருகிற ஆள்தான், நான்தான் கவனிக்கவில்லை.

"முதலாளி, அங்கன நிக்காதீங்க. அட்டை கடிக்கும்."

"நீங்க நின்டீங்கதானே?"

"எங்களுக்குப் பழகிருச்சுங்க" என்றார். பிறகு ஏதோ யோசித்தவர் போல, "பழகியிருக்கக் கூடாதுங்க" என்று சொல்லிவிட்டு, சிலிண்டரைத் தோள் மாற்றிக்கொண்டு ரோட்டின் நட்ட நடுவே நடந்து போனார்.

நாங்கள் இருந்த நேரம் முழுக்க ஆட்கள் வந்துகொண்டேயிருந்தார்கள்.

வெள்ளைக் காற்சட்டை

பிற்பகல் கூட்டத்தில் பழைய அறிக்கையைத் தவிசாளர் தானே திரும்பப் பெற்றார். நிபந்தனையை மாற்ற வேண்டாம் என்பவர்கள் கையை உயர்த்துங்கள் என்றார். கைகள் உயர்ந்தன. என் கட்சிக்காரர்கள் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள், நான் கையை இறக்கவில்லை. எதிரே புவனேஸ்வரி என் முகத்தைப் பார்க்காமல் என் காலையே பார்த்தார். குனிந்தேன். வெள்ளைக் காற்சட்டையில் கணுக்காலுக்கு மேலே ரத்தம் பெரிய வட்டமாக ஊறியிருந்தது. அட்டை குடித்து விழுந்த பிறகும் ரத்தம் நிற்காது, அது அதன் குணம்.

அவர் கண் கலங்கியிருந்தது. கூட்டம் முடிந்து வெளியே வந்ததும், என்னை அண்ணன் முறையில் கூப்பிட்டு, "நானா, சுண்ணாம்பு வைங்க, நின்னுரும்" என்றார். "அடுத்த கூட்டத்துல அந்த ரோட்டுக்கு லைட் கேக்கப் போறேன். ஒங்க கையும் வேணும்."

அந்தப் பெண்ணை என்னவென்று சொல்வது!

வீட்டுக்குப் போனதும் காற்சட்டையைப் பார்த்து மனைவி தலையில் கை வைத்தாள். மதில் கட்டக் கல் ஏற்றுகிற கனவு போனதை அவளுக்கு இன்னும் சொல்லியிருக்கவில்லை.

"இதென்ன இவ்வளவு ரத்தம்? எங்க போய் விழுந்தீங்க?"

"விழல்ல. அட்டை கடிச்சது. கானுக்குள்ள நின்டேன்."

"ரோடு இருக்கக்குள்ள, கானுக்குள்ள ஒங்களுக்கு என்ன வேல?"

"ரோட்டுல ஆள் வந்தாங்க" என்றேன்.